வேட்டைச் சங்கத்து உறுப்பினர் பாலாம்பிகை

பாலாம்பிகை எதையும் முன்கூட்டி அறிவித்துவிட்டுச் செய்கிறவர் அல்ல. எசன் நகரசபையின் பூங்காப் பகுதியில் இருபத்தைந்து ஆண்டுகளாக மரங்களைக் கத்தரித்து, வேலிகளை நறுக்கி, பாத்தி போட்டுக்கொண்டிருந்தவர், 2021ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே கணவரிடம் சொன்னார்.

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமை ஒரு நொத்தாரிசிட்டைப் போகோணும். நேரம் குறிச்சு டெர்மின் எடுத்திட்டன்."

"என்னத்துக்கு?"

"காணி வாங்க."

நவரத்தினம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "காணியோ? வீட்டோடையோ?"

"காணியெண்டுதானே சொன்னனான்."

வீசன்பாக் என்ற சிற்றூர் எசனிலிருந்து காரில் ஒரு மணிநேரத் தூரத்தில், மலைச்சரிவுகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே விவசாயம் செய்து ஓய்ந்துபோன ஒரு குடும்பம் தங்கள் பழைய ஆப்பிள் புல்வெளியை விற்றுக்கொண்டிருந்தது. இருபத்துமூன்று ஆப்பிள் மரங்கள், இரண்டு பேரி மரங்கள், ஒரு பக்கம் ஓடை, ஓடைக்கு அப்பால் காடு. மரங்கள் எல்லாம் பத்துப் பதினைந்து வருடம் கத்தரி படாமல் தலைவிரிகோலமாக நின்றன. வேறு யாராவது பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள். பாலாம்பிகை ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்து, எந்தக் கிளையை எந்த வருடம் எடுப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டுத்தான் விற்பவரிடம் பேசத் தொடங்கினார்.

நவரத்தினம் முதல்முறை அந்த இடத்தைப் பார்த்ததும் கேட்டார். "இதிலை நீர் என்னத்தை நடப்போறீர்?"

"நடுறதுக்கு ஒண்டுமில்லை. வெட்டத்தான் இருக்கு."

காணி உறுதி பாலாம்பிகையின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. நவரத்தினத்துக்கு அதில் வருத்தம் இல்லை. மரத்தில் ஏறுவதும் புல் வெட்டுவதும் தன் தலையில் விழாது என்பதில் அவருக்கு நிம்மதிதான்.

அவர்கள் இருவருக்கும் இடையில் வேறொரு எல்லைக்கோடு முன்பே இருந்தது. அது சமையலறையில். பாலாம்பிகை இறைச்சி தொடமாட்டார். நவரத்தினத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் வாரம் முடிந்ததாகவே தோன்றாது. ஆகவே அவருடைய கறியை அவரே சமைப்பார், அவருடைய சட்டியில், யன்னல் பக்கத்து அடுப்பில். பாலாம்பிகையின் சட்டிகள் மற்றப் பக்கம். முப்பது வருடமாக இந்த ஒப்பந்தத்தில் ஒரு சச்சரவும் வந்ததில்லை.

இதற்குச் சமயம் காரணம் என்று உறவினர்கள் நினைத்தார்கள். பாலாம்பிகை மறுத்துச் சொன்னதும் இல்லை, விளக்கியதும் இல்லை. எண்பத்தாறில் இருபத்திரண்டு வயதில் போருக்குத் தப்பி, கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர் அவர். அகதி முகாம், மொழி தெரியாத தபால்கள், பிறகு கல்யாணம், பிறகு கிடைத்த முதல் வேலை. அதற்கும் பிறகு, முப்பத்தொரு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து தோட்டக்கலைப் பயிற்சி முடித்தார். ஜேர்மன் மொழியின் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் மூன்றும் அவர் சொல்லுக்கு இன்றுவரை கட்டுப்பட்டதில்லை. மரங்களின் லத்தீன் பெயர்கள் மட்டும் ஒன்றுவிடாமல் வாயில் வந்துவிடும்.

அந்த வருடம் நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை, அவர் தன் புல்வெளியில் ஏணி சாத்தி ஒரு ஆப்பிள் மரத்தின் பட்ட கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். நவரத்தினம் காருக்குள் இருந்து தேநீர் குடித்தார். காட்டுக்குள் நாய்கள் குரைத்தன. ஊதுகொம்பு ஒலித்தது. அதன் பிறகு தொடர்ந்து வெடிச் சத்தம்.

சற்று நேரத்தில் காட்டோரத்திலிருந்து ஒரு பெண்மான் ஓடிவந்தது. ஓடிவந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முன்கால் ஓட, பின்கால் ஓட மறுத்தது. ஓடையைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே வந்து, ஏணியிலிருந்து பத்தடி தள்ளி விழுந்தது. இரண்டு முறை தலையைத் தூக்கியது. பிறகு தூக்கவில்லை.

பாலாம்பிகை மரம் அறுக்கும் வாளைக் கையில் பிடித்தபடியே ஏணியில் நின்றார். இறங்க வேண்டும் என்று தோன்றியும் இறங்கவில்லை.

செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு நெடிய மனிதர் மேட்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். எழுபது வயதிருக்கும். மானின் அருகில் நின்று தொப்பியைக் கழற்றினார். வேட்டைக்காரர் வழக்கப்படி, கடைசி மரியாதையாக ஒரு சிறு கிளையை ஒடித்து அதன் வாயில் வைத்தார். அதன் பிறகே நிமிர்ந்து ஏணியைப் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும் அம்மா. காட்டுக்குள் சுட்டது. இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. என் பெயர் ஓவர்பெக். பயந்துவிட்டீர்களா?"

"இது என்னுடைய நிலம்" என்றார் பாலாம்பிகை. அந்த நேரத்தில் வேறு ஜேர்மன் வாக்கியம் அவருக்கு வரவில்லை.

"தெரியும். புதிதாக வாங்கியவர் நீங்கள்தானே? ஆனால் இங்கே வேட்டையாடும் உரிமையை நான் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். எனக்குத் தந்ததே உங்கள் சங்கம்தான்."

"எந்தச் சங்கம்?"

"வேட்டைச் சங்கம். நீங்களும் உறுப்பினர்தானே." அவர் அதைச் சாதாரணமாக, குளிர் நாளில் வணக்கம் சொல்வது போலச் சொன்னார்.

பாலாம்பிகை அதை நம்பவில்லை. ஜனவரியில் கடிதம் வந்தபோது நம்பவேண்டி வந்தது. "மதிப்புக்குரிய உறுப்பினர் திருமதி நவரத்தினம் அவர்களே" என்று தொடங்கிய அந்தக் கடிதம், பெப்ரவரியில் நடக்கும் வருடாந்தக் கூட்டத்துக்கு அவரை அன்போடு அழைத்தது. கூட்ட முடிவில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் காட்டுப்பன்றிச் சொசேஜ் ஒரு பொதி அன்பளிப்பாக வழங்கப்படும் என்றும் கடைசி வரியில் இருந்தது.

நவரத்தினம் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "முட்டைக்கே யோசிக்கிற மனிசி, வேட்டைச் சங்கத்திலை மெம்பர்! எப்ப துவக்கு வாங்கப்போறீர்?"

"சிரியுங்கோ. நான் போய் விலகிப்போட்டு வாறன்."

கூட்டம் ஊர் உணவகத்தின் பின் மண்டபத்தில். முப்பதுக்கு மேற்பட்ட விவசாயிகளும் காணிக்காரரும் பியர்க் குவளைகளோடு இருந்தார்கள். சேலை கட்டிப் போவதா வேண்டாமா என்று வீட்டில் அரைமணிநேரம் யோசித்து, கடைசியில் வேலைக்குப் போடும் தடித்த மேலங்கியோடு போயிருந்தார் பாலாம்பிகை. வரவு செலவு வாசித்தார்கள். பன்றிகள் சோளத்தை அழித்த கதை பேசினார்கள். கடைசியில் தலைவர் "வேறு ஏதாவது?" என்று கேட்டதும் பாலாம்பிகை கையை உயர்த்தினார்.

"நான் இந்தச் சங்கத்திலிருந்து விலக விரும்புகிறேன்."

தலைவர் நல்ல மனிதர். குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, இது பாட்டுச் சங்கம் மாதிரி இல்லை. சேர்வதற்கும் விலகுவதற்கும் படிவம் கிடையாது. இந்த ஊரில் காணி வைத்திருக்கும் எல்லோரும் சட்டப்படி உறுப்பினர். உங்களுக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்."

"எனக்கு விருப்பம் இல்லை."

"அதைக் குறிப்பில் எழுதிக்கொள்கிறோம்" என்றார் தலைவர். யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ஓவர்பெக், பக்கத்திலிருந்தவரிடம் சொல்வதாக நினைத்து எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். அவர் நாற்பது வருடம் பல் வைத்தியராக இருந்தவர். வாய் திறந்தபடி இருக்கும் ஆட்களிடமே பேசிப் பழகியதால் அவருக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று இல்லை. "ஸ்ட்ராஸ்பூர்க் ஒரு கதவைத் திறந்துவிட்டதே, அது இந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தால் சரி."

பாலாம்பிகை திரும்பிப் பார்த்தார். "ஸ்ட்ராஸ்பூர்க்கில் என்ன?"

ஓவர்பெக் குவளையை எடுத்து நீண்ட நேரம் குடித்தார். தலைவர் கூட்டத்தை முடித்தார். பாலாம்பிகை குவளைக்குக் கீழே வைக்கும் அட்டையில் "ஸ்ட்ராஸ்பூர்க்" என்று எழுதி மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் சொசேஜ் பொதியை நீட்டினார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று வாங்கி வந்து நவரத்தினத்திடம் கொடுத்தார். அது பின்னால் வில்லங்கமாகும் என்று அவர் நினைக்கவில்லை.

எசனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்பவர் கொறற்றி. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். பாலாம்பிகையைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தமிழ் ஆட்கள் யாருக்காவது அரசாங்கக் கடிதம் வந்தால் முதலில் அவருடைய கைத்தொலைபேசிக்குத்தான் அதன் படம் போகும். பாலாம்பிகை படம் அனுப்பவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு நேரே போனார்.

"கொறற்றி, ஸ்ட்ராஸ்பூர்க்கிலை இருக்கிறது எங்கடை ஆக்களை பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்ப வெளிக்கிட, நிப்பாட்டச் சொல்லி ஃபக்ஸ் அனுப்பின கோடெல்லோ? அதுக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்?"

கொறற்றி சிரித்துக்கொண்டே கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "சம்பந்தம் இருக்கக்கா. அது ஐரோப்பாவின்ரை மனித உரிமைக் கோடு, பெரிய நீதிமன்றம். உங்களைப்போல ஒரு காணிக்காரர் இருந்தவர். வேட்டை பிழையெண்டு நினைக்கிற ஆள். என்ரை காணியிலை சுட ஏலாதெண்டு இஞ்சத்தைக் கோடு எல்லாத்துக்கும் போனார். தோத்துப்போனார். கடைசியிலை அரசியலமைப்புக் கோடும் சட்டம் சரியெண்டு சொல்லிப்போட்டுது."

"பேந்து?"

"பேந்து ஸ்ட்ராஸ்பூர்க். அங்கையும் முதல் தோல்வி. ஆள் விடேல்லை. பெரிய ஆயத்துக்குப் போனார், பதினேழு நீதிபதியள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டிலை அவையள் சொல்லிச்சினம், ஒராளின்ரை மனச்சாட்சி ஏற்காத வேட்டையை அவற்றை சொந்தக் காணியிலையே பொறுத்துக்கொண்டிரு எண்டு சட்டம் சொல்லுறது அளவுக்கு மிஞ்சின பாரமெண்டு. பிரான்சுக்கும் லக்ஸம்பேர்க்குக்கும் முதலே அப்பிடித்தான் சொல்லியிருந்தவை."

"அப்ப அண்டைக்கே சட்டம் போச்சுதோ?"

"இல்லையக்கா. அந்தக் கோட்டாலை எங்கடை சட்டப் புத்தகத்திலை ஒரு வரியையும் வெட்ட ஏலாது. நீங்கள் பிழை விட்டிட்டீங்கள் எண்டு நாட்டுக்குச் சொல்லும். திருத்துறது பெர்லினிலை இருக்கிற பாராளுமன்றத்தின்ரை வேலை. தீர்ப்புக்குக் கட்டுப்படுறம் எண்டு ஜேர்மனி கையெழுத்துப் போட்டிருக்குதெல்லோ. அதாலை அடுத்த வருசமே வேட்டைச் சட்டத்துக்குள்ளை புதுசாய் ஒரு பிரிவு எழுதிச்சினம். ஆறு ஏ. மனச்சாட்சிப்படி ஏலாதெண்டு ஒராள் அன்ட்ராக் எழுதிப் போட்டால் அவற்றை காணியை வேட்டையிலை இருந்து விலக்கலாம்."

பாலாம்பிகை கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒராள் விடாமல் நிண்டதாலை முழு நாட்டுக்கும் சட்டம் மாறினதோ?"

"ஓமக்கா."

"அந்த மனிசன் ஆரெண்டே எனக்குத் தெரியாது. ஆனால் என்ரை காணிக்குக் கதவு வச்சிட்டுப் போயிருக்கிறார்."

அன்று மாலையே அவர் விண்ணப்பத்தை எழுதினார். அதை மாவட்ட அலுவலகத்தின் வேட்டைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பொறுப்பாக இருந்தவர் லென்ஸ் என்ற பெண் அதிகாரி. இரண்டு வாரத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"திருமதி நவரத்தினம், வெடிச் சத்தம் உங்களுக்குப் போர்க்கால நினைவுகளைக் கொண்டுவருகிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் பயம் இந்தப் பிரிவுக்குள் வராது. நீங்கள் வேட்டையை ஏன் தவறென்று நினைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதை நான் நம்பும்படி சொல்ல வேண்டும். திரும்ப எழுதுங்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டுப் பாலாம்பிகை கணவரிடம் சொன்னார். "பயம் மட்டும் காணாதாம். மனச்சாட்சி வேணுமாம்."

"அதை எந்தக் கடையிலை வாங்கிறது?" என்றார் நவரத்தினம்.

பாலாம்பிகை சிரிக்கவில்லை. சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல்நாள் ஒன்றும் வரவில்லை. அறுபதை நெருங்கும் வயதுவரை, ஏன் இப்படி இருக்கிறாய் என்று அவரிடம் யாரும் தாளில் எழுதித் தரும்படி கேட்டதில்லை. இரண்டாம் நாள், முப்பத்தொரு வருடம் ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை எழுதத் தொடங்கினார்.

முதல் வேலை ஒரு கோழி அறுக்கும் தொழிற்சாலையில். தொண்ணூற்றொன்றில். பெட்டியிலிருந்து கோழிகளை எடுத்து, மேலே ஓடும் கம்பியின் கொளுக்கிகளில் கால்களை மாட்டிவிட வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை என்று கணக்கு. முதல் வாரம் கை வலித்தது. இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது. மூன்றாம் வாரம், கை மட்டுமல்ல தானும் பழகிவிட்டதை ஒரு வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தார். மாட்டிக்கொண்டே பக்கத்துப் பெண்ணோடு சந்தையில் வெங்காயம் விற்கும் விலையைப் பேசிக்கொண்டிருந்தார். கையில் இருந்த கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்தது விரல்களுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அதை உணர்ந்ததும் கையுறைகளைக் கழற்றி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து இறைச்சி இல்லை.

அதன் கீழே மானைப் பற்றி ஐந்து வரி. கடைசியில் இப்படி முடித்தார்: "என் நிலத்தில் நடப்பதற்கு நான் பொறுப்பு. இதற்கு நான் பழகிவிட விரும்பவில்லை."

நவரத்தினம் அந்தத் தாளை வாசித்தார். வாசித்து முடித்தும் கீழே வைக்கவில்லை. "இதை எனக்கு நீர் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லை."

"சமயமெண்டு நினைச்சன்."

"நினைச்சால் நினைச்சுக்கொண்டு போங்கோ எண்டு விட்டிட்டன். அது சுகமாய் இருந்துது."

கொறற்றி அந்தக் கடிதத்தில் சில பெரிய சட்டச் சொற்களைச் சேர்க்கப் பார்த்தார். பாலாம்பிகை விடவில்லை. "என்ரை ஜேர்மனிலை எழுதினதே காணும். பிழையளையும் அப்பிடியே விடும்." ஆண்பால் பெண்பால் பிழைகள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் அப்படியே போயின.

சட்டப்படி, அதிகாரி மற்றவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும். செப்டெம்பரில் மாவட்ட அலுவலகத்தில் ஒரு டெர்மின் வைத்தார்கள். பக்கத்துக் காணி விவசாயி கடிதம் மட்டும் அனுப்பியிருந்தார். வேட்டை இல்லாத புல்வெளியில் பன்றிகள் ஒளிந்துகொண்டு தன் சோளத்தைத் தின்னும் என்று அவருக்குப் பயம். ஓவர்பெக் நேரில் வந்தார், இரண்டு பக்கக் குறிப்போடு.

"அம்மா, ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமே சரி என்று சொன்ன சட்டம் இது" என்று லென்ஸிடம் தொடங்கினார். "பிரான்ஸ் எல்லையில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளுக்கு எங்கள் காட்டில் எத்தனை பன்றி இருக்கிறது என்று தெரியுமா?"

"அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை, டொக்டர்" என்றார் லென்ஸ். "பாராளுமன்றம் மாற்றி எழுதிவிட்டது. எழுதிவைத்திருப்பதைத்தான் நான் வாசிக்கிறேன்."

ஓவர்பெக் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "சரி. மனச்சாட்சி என்றால் மனச்சாட்சியைப் பார்ப்போம். இந்த அம்மா கூட்டத்தில் காட்டுப்பன்றிச் சொசேஜ் வாங்கிக்கொண்டு போனார். இவருடைய கணவர் போன மாதம் என்னை வழியில் மறித்து, மான் இறைச்சி அரைக் கிலோ கிடைக்குமா என்று கேட்டார். வறுத்து அரைத்த மிளகாய்த்தூளில் சமைத்தால் எப்படி இருக்கும் என்று கால்மணிநேரம் விளக்கினார். உண்மையைச் சொன்னால், எனக்கே பசி வந்துவிட்டது."

லென்ஸ் பாலாம்பிகையைப் பார்த்தார். பாலாம்பிகை தன் பக்கத்தில் இருந்த நவரத்தினத்தைப் பார்த்தார். நவரத்தினம் சுவரில் மாட்டியிருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்தார்.

"கேட்டனீங்களோ?" என்றார் பாலாம்பிகை தமிழில்.

"சும்மா... கதைச்சுக்கொண்டு போகேக்கை..."

பாலாம்பிகை அதிகாரியின் பக்கம் திரும்பினார். "கேட்டது உண்மை. சொசேஜைத் தின்றதும் இவர்தான். முப்பத்தொரு வருடமாக எங்கள் வீட்டில் இவருக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி. இவர் என் கணவர், என் மனச்சாட்சி அல்ல. நிலமும் என் பெயரில்தான் இருக்கிறது."

லென்ஸ் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். தோள்கள் குலுங்கியதால் எழுத்து எப்படி வந்ததோ தெரியாது. ஓவர்பெக் மறைக்கவே முயலவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு லென்ஸ் கடுமையான பகுதிக்கு வந்தார். "விலக்குக் கிடைத்தால், உங்கள் மரங்களைக் காட்டு விலங்கு நாசம் செய்தாலும் யாரிடமும் நட்டஈடு கேட்க முடியாது. பக்கத்துக் காணிகளில் சேதம் வந்தால், உங்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு பங்கு உங்கள் தலையிலும் விழலாம். தெரியுமா?"

"தெரியும்."

"பிறகும் வேண்டுமா?"

"வேண்டும்."

ஓவர்பெக் அப்போது குறிப்பை மடித்து வைத்துவிட்டு, பாலாம்பிகையிடமே கேட்டார். "நான் கொடூரமானவன் என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை. நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள், நான் பார்த்தேன். நீங்கள் யோசித்துத்தான் சுடுகிறீர்கள். நானும் யோசித்துத்தான் வேண்டாம் என்கிறேன்."

வெளியே போகும்போது ஓவர்பெக், மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிவு அடுத்த வருட வசந்தத்தில் வந்தது. நான்கு பக்கம். நிலம் வேட்டையிலிருந்து விலக்கப்படுகிறது. ஆனால் ஓவர்பெக்கின் குத்தகை முடியும் நாளிலிருந்து, அதாவது 2024 மார்ச் 31க்குப் பிறகு. நவரத்தினம் வெற்றி என்று கை தட்டினார். பாலாம்பிகைக்கு முகம் விழுந்துவிட்டது. இடையில் இன்னும் ஒரு முழு வேட்டைக்காலம் இருந்தது.

கொறற்றி தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். "குத்தகைக்காரருக்கும் உரிமை இருக்குதக்கா. சட்டம் இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் எழுதியிருக்கு. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அது முடிய முதல் குத்தகை முடிஞ்சிடும்."

பாலாம்பிகை மேல்முறையீடு செய்யவில்லை. ஓவர்பெக்கின் வீட்டு வாசல் மணியை அழுத்தினார். உள்ளே வரச்சொன்னார்கள். பாலாம்பிகை போகவில்லை. முற்றத்தில் நின்ற பழைய ஆப்பிள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யார் வெட்டினது?"

"நான்தான்" என்றார் ஓவர்பெக் பெருமையோடு.

"பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் பட்டுப்போகும்." பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். "இந்தக் குளிர்காலம் மட்டும் என் நிலத்துக்குள் சுடாமல் இருக்க முடியுமா? சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்."

ஓவர்பெக் மரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இந்த மரம் பிழைக்குமா?"

"நான் வெட்டினால் பிழைக்கும்."

கைகொடுத்துக்கொண்டார்கள். தாள் இல்லை, முத்திரை இல்லை. அந்தக் குளிர்காலம் பாலாம்பிகை மூன்று சனிக்கிழமைகள் பல் வைத்தியரின் முற்றத்தில் ஏணியில் நின்றார். ஓவர்பெக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிளைக்கும் காரணம் கேட்டார். வேட்டை நாளில் அவர் தன் ஆட்களை ஓடைக்கு அந்தப் பக்கமே நிறுத்தினார்.

2024 ஏப்ரல் முதலாம் திகதி பாலாம்பிகையின் நிலம் வேட்டையிலிருந்து நீங்கியது. செய்தியை அவர் உறவினர்களின் கைத்தொலைபேசிக் குழுவில் போட்டபோது, தேதியைப் பார்த்து யாரும் நம்பவில்லை. கொறற்றி அலுவலக முத்திரையோடு படம் போட்ட பிறகுதான் வாழ்த்துகள் வந்தன. நவரத்தினம் எல்லை தெரியும்படி நான்கு மூலையிலும் கட்டை அடித்தார். நிலத்தில் அவர் செய்த முதல் வேலை அது. பெருவிரலில் ஒருமுறை சுத்தியலும் பட்டது.

இலையுதிர் காலத்தில் பன்றிகள் வந்தன. பன்னிரண்டு இருக்கலாம். ஆப்பிள் மரங்களின் கீழே உழவு இயந்திரம் ஓடியது போல ஒரு பக்கம் முழுவதும் கிளறிவிட்டுப் போயின. பாலாம்பிகை இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். திட்டவேண்டும் போல இருந்தது, திட்டவும் செய்தார், தமிழில். பிறகு ஓவர்பெக்கிடம் கேட்டு மின்வேலி வாங்கி, பக்கத்துச் சோளக்காரரையும் கூட்டிக்கொண்டு, மூவருமாக ஒரு நாள் முழுவதும் கட்டினார்கள். சோளக்காரர் முதல் அரைமணிநேரம் பேசவில்லை. மதியம் பாலாம்பிகை கொண்டுவந்த உழுந்து வடையில் நான்கு சாப்பிட்ட பிறகு பேசத் தொடங்கி, கடைசிவரை நிறுத்தவில்லை.

இந்த வருடம் மே மாதம் ஒருநாள் எசன் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மலைப்பக்கத்து வேறொரு ஊரிலிருந்து ஒரு ஜேர்மன் பெண்மணி. எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், சிறு காடு ஒன்றுக்குச் சொந்தக்காரர். பாலாம்பிகையின் பெயரை மாவட்ட அலுவலகம் சொல்லவில்லை, ஊர்க்கதையில் கேள்விப்பட்டாராம். தனக்கும் விண்ணப்பம் போட வேண்டும். ஆனால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"உங்களுக்கு நல்ல ஜேர்மன் தெரியுமே" என்றார் பாலாம்பிகை.

"ஜேர்மன் தெரியும். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை."

மறுவாரம் அவர் ரயிலேறி எசனுக்கு வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, வேட்டையின் தீமைகள் பற்றி இணையத்தில் எடுத்த ஆறு பக்கங்களைப் பரப்பினார். யன்னல் பக்கத்து அடுப்பில் நவரத்தினத்தின் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை மூடியால் மூடிவிட்டு, நல்ல பிள்ளையாக வெளியே போய்விட்டார்.

பாலாம்பிகை அந்த ஆறு பக்கங்களையும் அடுக்கி ஓரமாக வைத்தார். வெறும் தாள் ஒன்றை முன்னால் நகர்த்தினார்.

"நீங்கள் என்ன பார்த்தீர்கள்? அதை முதலில் எழுதுங்கள். பிழையைப் பற்றி யோசிக்க வேண்டாம்."

அந்தப் பெண்மணி பேனாவை எடுத்து, கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதத் தொடங்கினார். பாலாம்பிகை சத்தம் வராமல் கேத்தலில் தண்ணீர் பிடித்தார்.